அடைப்பை எடுத்தாயிற்று, தொப்பை என்ன செய்கிறது?

விசைத்தறி ஓட்டுகிறேன். கை, கால் ஒல்லி. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்தாயிற்று. இன்னும் ஏன் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள்?
- வாசகர், அம்மாபேட்டை

ஸ்டென்ட், அடைத்திருந்த அந்த ஓர் இடத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் உங்கள் பழைய ரத்தக்குழாய்தான். அதன் உட்பக்கம் எண்டோதீலியம் என்றொரு சவ்வு உண்டு. ஒரே ஒரு செல் கனம்தான் இருக்கும். கூடுதல் ரத்தம் தேவைப்படும்போது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிய வைப்பது அதுதான் (இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது). குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்சுலினையும் ஒழுங்காக வேலை செய்ய விடுவதில்லை. சவ்வு கெட, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாய் விரியத் திணறுகிறது, கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து படிகிறது.

ஆகவே எடை மெஷினைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே போடுகிறோம்.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, குண்டான உடம்பு. மாடி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லையாம். மனப்பிரமையா டாக்டர்?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

அப்படி அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் படம்பிடிக்கும் சோதனை) காட்டுவது பெரிய குழாய்களைத்தான். இதயத் தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் அந்தப் படத்தில் விழாது. அவை சரியாக விரியாவிட்டாலும் வலி வரும், நிஜமான வலி. பெண்களிடமும், சர்க்கரையும் பருமனும் சேர்ந்தவர்களிடமும் இதை அடிக்கடி பார்க்கிறோம். "நுண்குழாய்க் கோளாறாக இருக்குமா?" என்று இதய மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது.

மாரடைப்பு வந்து மூன்று மாதம். ஏற்காட்டுக்கு நடந்தே ஏறினால் எடை குறையுமா?
- வாசகர், கோரிமேடு

இப்போது வேண்டாம். அடிவாரத்திலிருந்து ஊர் போய்ச் சேர ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற்றம். முதலில் மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனை, அப்புறம் சமதளத்தில், பேச்சு திணறாத வேகத்தில் நடை. மெல்ல மெல்லக் கூட்டி, தினம் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் வரை கொண்டுபோங்கள். நடக்கும்போது வேகமெடுக்கும் ரத்தம் சவ்வை உரசுவதே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கும். எடை இறங்கும் முன்பே குழாய்க்கு லாபம்.

தட்டுவடை செட் சாப்பிடலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பீட்ரூட், கேரட் துருவல் நல்லதுதான். மேலும் கீழும் இருப்பது எண்ணெயில் பொரித்த தட்டுவடை. எப்போதாவது ஒரு செட் சரி, தினமும் சாயங்காலம் வேண்டாம்.

எத்தனை கிலோ குறைத்தால் போதும்?
- வாசகர், கொண்டலாம்பட்டி

80 கிலோ இருந்தால் முதலில் 4 கிலோ. அதற்கே பிரஷரும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.