சாட்ஸ்வர்த் மேடும் ஞாயிறு சைக்கிளும்

கேள்வி: எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஞாயிறு காலையில் கூட்டாக சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போக ஆசை. மினிபஸ் டாக்சிகளை நினைத்துப் பெற்றோர் பயப்படுகிறார்கள். எப்படித் தொடங்குவது, ஐயா?
– ஓர் ஆசிரியை, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பயம் நியாயம்தான், அம்மா. ஹிக்கின்சன் ஹைவே பக்கம் பிள்ளைகளோடு போக நானே ஒப்பமாட்டேன். முதலில் ரோடே வேண்டாம், கோயில் வளாகம் போதும். ஒரு கையை விட்டு, பின்னால் திரும்பிப் பார்த்தபடியே நேராக ஓட்டப் பழகட்டும். அது வராத பிள்ளை ரோட்டில் கை காட்டித் திரும்ப முடியாது. ஹெல்மெட் இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். ஆனால் அண்ணனுடையது தம்பி தலையில் ஆடினால் என்ன பயன்? புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் அசையாமல் உட்கார வேண்டும்.

பிறகு சைக்கிள்களைப் பாக்கியில், அதாவது பின்னால் திறந்த பிக்கப் வண்டியில் ஏற்றி, டர்பன் கடற்கரை நடைபாதைக்குப் போங்கள். உஷாக்கா கடல் பூங்காவிலிருந்து ப்ளூ லகூன் வரை சமதளம், கார் தொல்லை இல்லை. சாட்ஸ்வர்த் மேட்டில் மூச்சு வாங்கிய பிள்ளைக்கு அது சொர்க்கம். நடப்பவர்களுக்கு மட்டும் வழிவிடச் சொல்லுங்கள். ரோட்டில் இறங்கும் நாளில் ஒற்றை வரிசைதான், சட்டமும் அதுவே. முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர். மெதுவாக ஓட்டும் பிள்ளையின் வேகமே எல்லோருக்கும். பந்தய உடை மாட்டிய மாமாக்கள் தனியாக ஓடட்டும்!

சைக்கிள் கடைக்காரரிடம் நன்கொடை கேட்காதீர்கள். பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் சொல்லித்தர ஒரு காலைப்பொழுது கேளுங்கள். தருவார், நாளை டியூப் வாங்க அந்தப் பிள்ளைகள் அவரிடம்தானே போவார்கள்? டாக்சி ஸ்டாண்டுக்கும் ஒரு நடை போய், எந்த வழி, எத்தனை மணி என்று ஓட்டுநர்களிடம் சொல்லிவையுங்கள்.