பழைய ரேஞ்சருக்கு எக்ஸ்ப்ளோரர் ஆக்சில்: வாசகர் கேள்வி – பதில்

என்னிடம் இருப்பது 1990 மாடல் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப், நான்கு சக்கர இயக்கம். பின்னால் 7.5 அங்குல ஆக்சில் (கிரவுன் கியரின் விட்டத்தை வைத்துச் சொல்லும் அளவு). கிரவுன் பினியன் ஊளையிடுகிறது. டிஸ்க் பிரேக்கோடு வரும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலை அப்படியே மாட்டிவிடலாமா?
– டெக்சாஸ் வாசகர்

மாட்டலாம், ஆனால் வெல்டிங் இல்லாமல் முடியாது. எக்ஸ்ப்ளோரரில் ஸ்பிரிங் பட்டைகள் ஆக்சில் குழாய்க்கு அடியில் ஓடும். ரேஞ்சரில் குழாய்க்கு மேலே. ஆகவே கீழே இருக்கும் ஸ்பிரிங் சீட்டுகளை (பட்டை உட்காரும் இரும்புத் தாங்கிகளை) அறுத்தெடுத்துவிட்டு, மேல்பக்கம் புதிதாக வைக்க வேண்டும்.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். 1995 முதல் 2001 வரையிலான நான்கு கதவு எக்ஸ்ப்ளோரரில் வருவது 8.8 அங்குல ஆக்சில், டிஸ்க் பிரேக், 31 ஸ்ப்லைன் (முனையில் வெட்டிய பல்வரி) ஷாஃப்ட். உங்களுடையது 28 ஸ்ப்லைன். 1991–94 எக்ஸ்ப்ளோரரில் டிரம்தான். 2002-லிருந்து நான்கு கதவு வண்டியில் இரு சக்கரமும் தனித்தனியாக ஆடும் அமைப்பு, நமக்கு உதவாது. வீல் போல்ட் அமைப்பு ரேஞ்சரும் எக்ஸ்ப்ளோரரும் ஒன்றே: 5 போல்ட், 4.5 அங்குல வட்டம்.

புது சீட்டுகள் 3.25 அங்குலக் குழாய்க்கும் 2.5 அங்குலப் பட்டைக்கும் ஏற்றவையாக இருக்கட்டும். இரு பக்கச் சீட்டுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பழைய ஆக்சிலில் அளந்து எழுதிவைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். ஆக்சிலை மேடையில் வைத்து நேராக வெல்டிங் அடித்துவிடுவதுதான் இந்த வேலையைக் கெடுக்கும் அவசரம். சீட்டுகளைப் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே சும்மா வைத்து, யூ போல்ட்டை லேசாக இறுக்கி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு பினியன் கோணத்தைச் சரிசெய்யுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒற்றை யூ ஜாயிண்ட் என்றால் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வெளி ஷாஃப்டுக்கு இணையாக இருக்க வேண்டும். அதிலிருந்து பினியன் மூக்கை 1 முதல் 2 டிகிரி கீழே இறக்கிவிடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கு தானே மேலே ஏறும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயிண்ட் இருந்தால் கணக்கு வேறு: பினியன், ப்ரொப்பல்லர் ஷாஃப்டை நோக்கியே பார்க்க வேண்டும். கோணம் தப்பினால் வேகம் கூடும்போது அதிர்வு வரும், யூ ஜாயிண்ட் சீக்கிரம் போகும்.

கோணம் சரி என்றதும் டாக் வெல்டிங் (சீட்டு நகராமல் பிடிக்கும் சிறு புள்ளிகள்) மட்டும் அடித்து, ஆக்சிலைக் கீழே இறக்கி முழு வெல்டிங் போடுங்கள். ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம், நடுவே ஆறவிட்டு. ஒரே இழுப்பில் போட்டால் குழாய் வளையும். பிறகு எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் ஒழுகும். எர்த் கிளிப்பைக் குழாயிலேயே, வெல்டிங் போடும் இடத்துக்கு அருகில் கடியுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் பொரிந்துவிடும்.

யூ போல்ட் புதிதுதான் போட வேண்டும். பழைய ரேஞ்சரின் அடித்தட்டு மெல்லிய குழாய்க்கானது, துளைகள் ஒத்துவராது. 4.0 லிட்டர் இன்ஜின் ரேஞ்சரில் 8.8 ஆக்சில் உண்டு. அதன் தட்டுகளை எடுத்தால் ஷாக் அப்சார்பர் பிடியும் சேர்ந்தே வரும். அப்படி ஒரு 1990–92 ரேஞ்சர் உடைப்புக் கடையில் கண்ணில் பட்டால் அந்த ஆக்சிலையே வாங்கிவிடுங்கள் என்பேன். டிரம் பிரேக், 28 ஸ்ப்லைன்தான்; ஆனால் வெல்டிங் கிடையாது, போல்ட்டோடு வேலை முடிந்தது.

எனக்குக் கிடைத்திருக்கும் பின் ஆக்சிலின் பல் விகிதம் 3.55, முன் ஆக்சிலில் 3.73. சின்ன வித்தியாசம்தானே, ஓட்டலாமா?
– ஜார்ஜியா வாசகர்

வேண்டாம். வித்தியாசம் 5 சதவீதம். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகும். லீவரைத் திரும்ப எடுக்கவே முடியாமல் போகலாம். ஆக்சில் மூடியில் தொங்கும் தகரத் துண்டில் “3L73” என்றிருந்தால் லிமிடெட் ஸ்லிப்போடு (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 3.73. நடுவே எல் இல்லையென்றால் சாதாரணம். கதவு ஸ்டிக்கரின் ஆக்சில் கட்டத்தில் D4 என்றாலும் 3.73 லிமிடெட் ஸ்லிப்தான். 45 என்றால் 3.55. தகரத் துண்டு விழுந்திருந்தால் மூடியைத் திறந்து பல் எண்ணுங்கள்: 41-க்கு 11 என்றால் 3.73, 39-க்கு 11 என்றால் 3.55.

இரண்டு சக்கர இயக்க வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்பீடோமீட்டர் மட்டும் மாறும். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் போகும் வண்டியில் 3.45-ஐ எடுத்துவிட்டு 3.73 போட்டால் முள் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும். உண்மையில் 60 மைல் போகையில் 65. கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் கியரை மாற்றினால் சரியாகிவிடும்.

டிஸ்க் பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற வேண்டுமா? ஹேண்ட் பிரேக்?

முதலில் இருப்பதோடு ஓட்டிப் பாருங்கள். டிரம்முக்காகப் பின் லைனில் அழுத்தம் பிடித்துவைக்கும் வால்வு இருந்தால் டிஸ்க் பேட் விலகாமல் உரசும். சில மைல் ஓட்டியதும் டிஸ்க் கொதிப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வால்வை எடுத்துவிட வேண்டும். பிறகு ஆளில்லாத ஈரத் தரையில், பின்பெட்டி காலியாக, அழுத்திப் பிரேக் போடுங்கள். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேவை. இந்தச் சோதனையை முடிக்காமல் சாலையில் ஏற்றாதீர்கள்.

ஹேண்ட் பிரேக் டிஸ்க்குக்கு உள்ளேயே சின்ன டிரம்மாக இருக்கும். ஹோஸ், இரும்பு லைன், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாவற்றையும் ஆக்சிலோடு சேர்த்தே வாங்குங்கள். தனித்தனியாகத் தேடினால் செலவு இரட்டிப்பாகும்.

சக்கரம் வெளியே துருத்துகிறது. குழாயை அறுத்துச் சுருக்கலாமா?

1992 வரையிலான ரேஞ்சரின் ஆக்சிலைவிட எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் ஏறத்தாழ 3 அங்குலம் அகலம், பக்கத்துக்கு ஒன்றரை. நீளப் பக்கக் குழாயை அறுத்து, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் குட்டை ஷாஃப்டை அங்கே போடும் முறை உண்டு. ஆனால் குழாயை நேர்கோட்டில் ஒட்ட ஜிக் (பிடித்து நிறுத்தும் சட்டம்) வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்காக அவ்வளவு வேலையா? சக்கரத்தை உள்ளே தள்ளும் ரிம் போடுங்கள், போதும்.

எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டும்?

சுமார் இரண்டரை லிட்டர், நிரப்பும் துளையின் விளிம்பை எட்டும்வரை. லிமிடெட் ஸ்லிப் என்றால் அதற்கான ஃபிரிக்ஷன் மாடிஃபையர் 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 118 மில்லி, சேருங்கள். இல்லாவிட்டால் திருப்பத்தில் பின்பக்கம் கடகடக்கும். மூடி திறந்திருக்கும்போதே குறுக்கு பின்னைப் பிடிக்கும் சின்ன போல்ட்டையும் பாருங்கள். 8.8-இல் அது உடைவது வழக்கம். புதியதை லாக் பசை தடவி முடுக்கிவிட்டு மூடியைப் போடுங்கள்.