எல்லாப் பற்சக்கரங்களையும் எஃகாக மாற்றிவிடலாமா?

கேள்வி: என்னிடம் 1:10 அளவுள்ள, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ரிமோட் கார் இருக்கிறது. பழைய மோட்டாரை எடுத்துவிட்டு பிரஷ்லெஸ் மோட்டாரும் மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பொருத்தினேன். அதன் பிறகு நைலான் ஸ்பர் கியரின் (மோட்டார் சுழற்றும் பெரிய பற்சக்கரத்தின்) பற்கள் மூன்று முறை உதிர்ந்துவிட்டன. எல்லாப் பற்சக்கரங்களையும் எஃகாக மாற்றிவிட்டால் தொல்லை தீருமா?

பதில்: மாற்றுவதற்கு முன், உதிர்ந்த ஸ்பர் கியரை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், அது எப்படிக் கெட்டது என்பதை அதன் பற்களே காட்டிவிடும். ஓரிடத்தில் மட்டும் மூன்று நான்கு பற்கள் அடியோடு முறிந்திருந்தால், கல் சிக்கியிருக்கலாம். அல்லது முழு விசையில் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும்போதே கார் தாவித் தரையில் இறங்கியிருக்கலாம். சுற்றிலும் பல்லின் நுனி மட்டும் சீவப்பட்டிருந்தால், மோட்டார் அச்சிலுள்ள சிறிய பற்சக்கரமான பினியனும் ஸ்பரும் போதிய ஆழத்துக்குப் பொருந்தவில்லை. பற்கள் உருகி வழிந்திருந்தால், பெரும்பாலும் அவை ஒன்றையொன்று அளவுக்கு மீறி அழுத்தியிருக்கின்றன, அல்லது திடீர் அதிர்ச்சியில் நழுவிக்கொடுப்பதற்காக உள்ள ஸ்லிப்பர் கிளட்ச் ஓயாமல் நழுவி எழுப்பிய சூடு ஸ்பருக்கு ஏறியிருக்கிறது. பல்லின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் மோட்டார் சாய்ந்து நிற்கிறது. ஒரே வகைச் சேதம் மூன்று முறை தொடர்ந்து வந்திருக்குமானால், நான் முதலில் சந்தேகிப்பது நைலானை அல்ல, பொருத்தத்தையும் மோட்டார் தாங்கியையும்தான்.

பொருத்தத்தைச் சரிசெய்ய மெல்லிய காகிதத் துண்டு ஒன்று போதும். அதை இரு பற்சக்கரங்களுக்கும் இடையே நுழைத்து, மோட்டாரை ஸ்பரை நோக்கி அழுத்தித் திருகுகளை இறுக்கிய பின் காகிதத்தை உருட்டி வெளியே எடுத்துவிடுங்கள். பினியனைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை அசைத்தால் மயிரிழை அளவு ஆட்டம் தெரிய வேண்டும். நெகிழிப் பற்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பது அரிது என்பதால், ஸ்பரைச் சுழற்றி நான்கைந்து இடங்களில் இதைச் சோதித்து, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் ஆட்டம் கிடைக்கும்படி அமையுங்கள். தேய்ந்த பேரிங், வளையும் மோட்டார் தாங்கி, ஷாஃப்ட்டின் தட்டையான பகுதியில் சரியாக உட்காராத பினியன் திருகு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் நீங்கள் வைத்த அளவு ஓட்டத்தில் நிலைக்காது.

இனிப் பொருளுக்கு வருவோம். பினியன் கடினப்படுத்தப்பட்ட எஃகாகவே இருக்கட்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அலுமினியப் பினியன் எடை குறைந்தது, பார்வைக்கும் அழகானது. ஆனால் அதன் மேலுள்ள கடினமான ஆக்சைடு படலம் மிக மெல்லியது. அது தேய்ந்ததும் உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் கொக்கிபோல் கூர்மையாகி ஸ்பரைச் சீவத் தொடங்குகிறது. ஸ்பருக்கு, டெல்ரின் என்ற பெயரிலும் விற்கப்படும் அசிட்டால் நல்ல தேர்வு. அது நைலானைவிடக் குறைவாகவே ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அளவு மாறாமல் இருக்கும், உராய்வும் குறைவு.

எஃகு ஸ்பர் நிச்சயம் நீடித்து உழைக்கும். ஆனால் நெகிழி ஸ்பர் வண்டியில் மின் உருகியைப் போன்ற வேலையையும் செய்துவருகிறது. அது முறியாத நாளில் அதே அதிர்ச்சி, இட வலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கும் சக்கர அச்சுகளுக்கும் போய்ச் சேரும். அவற்றை மாற்றுவதற்கு வண்டியில் பாதியைப் பிரிக்க வேண்டும். ஆகவே டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்கள் உலோகமாக இருந்து, ஸ்லிப்பர் கிளட்சும் சரியாக வேலை செய்தால் மட்டுமே எஃகு ஸ்பரை எண்ணுங்கள். நின்ற நிலையிலிருந்து முழு விசை கொடுக்கும்போது கிளட்ச் ஓரிரு அடி தூரத்துக்கு மட்டும் லேசாக நழுவிப் பின் பிடித்துக்கொள்ள வேண்டும். முழுவதுமாக இறுக்கப்பட்ட கிளட்ச் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பொருளைவிடப் பல்லின் பருமன் பெரிய மாற்றத்தைத் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிட்ச் என்பது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பற்கள் என்ற எண்; மாட்யூல் என்பது ஒரு பல்லுக்கு எத்தனை மி.மீ. விட்டம் என்ற அளவு. 48 பிட்ச் பல்லின் தடிமன் ஏறத்தாழ 0.83 மி.மீ.; 32 பிட்சில் அது 1.25 மி.மீ.; 1 மாட்யூலில் 1.57 மி.மீ. உங்கள் கார் 48 பிட்சில் ஓடுகிறது என்றால், எஃகுக்குத் தாவுவதைவிட 32 பிட்ச் அசிட்டால் ஸ்பருக்கும் எஃகுப் பினியனுக்கும் மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: 32 பிட்ச், 0.8 மாட்யூல் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல, மிக நெருங்கியவை. 25.4-ஐ பிட்ச் எண்ணால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும்; 32 பிட்சுக்கு அது 0.794. இரண்டையும் கலந்து ஓட்டுபவர்கள் உண்டு, வண்டியும் ஓடும்; ஆனால் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பினியனும் ஸ்பரும் ஒரே வகையாக இருப்பதே முறை. 48 பிட்சை 0.5 அல்லது 0.6 மாட்யூலுடன் சேர்ப்பது கூடவே கூடாது. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், ஸ்பரின் வெளிவிட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து, பற்களின் எண்ணிக்கையுடன் 2 கூட்டி அதனால் வகுத்துப் பாருங்கள், வருவது மாட்யூல். சிறிய பினியனில் பல்லின் வடிவம் திருத்தப்பட்டிருக்கலாம் என்பதால் இந்தக் கணக்கை ஸ்பரில் செய்வதே நல்லது.

கேள்வி: பினியனில் எத்தனை பற்கள் இருந்தால் தேய்மானம் குறையும்?

பதில்: மோட்டாரின் முறுக்குவிசை மாறாதபோது, பினியன் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு பல்லின் மீதும் விழும் விசை கூடுகிறது. அதோடு, 20 பாகைச் சாய்வுள்ள வழக்கமான பல்வடிவத்தில் 17 பற்களுக்குக் கீழே போனால் பல்லின் அடிப்பகுதி குடையப்பட்டு மெலிகிறது. ஆனால் பினியனை மட்டும் பெரிதாக்கினால் சுமை மோட்டாருக்கு மாறி அது சூடாகும். இடமிருந்தால் பினியன், ஸ்பர் இரண்டையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள். எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. 54 பல் ஸ்பருடன் 18 பல் பினியனை இணைத்தால், பினியனின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே மூன்று ஸ்பர் பற்களையே சந்திக்கும். 17 பல் பினியனை இணைத்தால் ஒவ்வொரு பல்லும் முறைவைத்து எல்லாப் பற்களையும் சந்திப்பதால் தேய்மானம் சீராகப் பரவும்.

கேள்வி: ஸ்பர் கியருக்குக் கிரீஸ் தடவலாமா?

பதில்: திறந்த நிலையில் ஓடும் நெகிழி ஸ்பருக்கு வேண்டாம். கிரீஸில் ஒட்டும் மணல் அரைக்கும் பசையாகிவிடும். உலர்ந்த தூரிகையால் துடைத்தாலே போதும். மூடிய பெட்டிக்குள் ஓடும் உலோகப் பற்சக்கரங்களுக்கு மட்டும் கிரீஸ் அவசியம். புதிய ஸ்பர் வாங்கும்போது பினியனின் பற்களையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கூர்மை தட்டுப்பட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.