டாக்டர் எம்.எல்.ஏ. ஆனால்…

வணக்கம் சார்,

சென்ற மாதம் தில்லித் தேர்தல்களைப் பற்றி எழுதியபோது, டாக்டர் ஹர்ஷ் வர்தனைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “அவருடைய பெரிய வேலை சின்னப் பதவியிலேயே முடிந்துவிட்டது.” இரண்டு முறை மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர், உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அவரை ஒரே வரியில் இப்படி முடித்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பகுதியில் முப்பது வருடமாகக் குழந்தை வைத்தியம் பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சிக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் “என்ன செய்யலாம், சொல்லுங்க” என்கிறார். டாக்டர்கள் சட்டசபைக்குப் போனால்தான் நாடு உருப்படும் என்பது என் அப்பாவின் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உங்களுக்கு?

அன்புடன்,
ஆர்., மயூர் விஹார்

அன்புள்ள ஆர்.,

அந்த வரி அவசரத்தில் எழுதியதுதான். உங்கள் கடிதம் வந்ததும் திரும்பப் படித்துப் பார்த்தேன். மாற்றத் தோன்றவில்லை. ஆனால் விளக்காமல் விட்டது என் தப்பு.

1994 செப்டம்பர் கடைசியில் தில்லி எப்படி இருந்தது என்று உங்கள் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். சூரத்தில் பிளேக் என்று செய்தி. அங்கிருந்து வரும் ரயில் ஒவ்வொன்றும் எமன் மாதிரி தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் முகத்தில் கைக்குட்டை. டெட்ராசைக்ளின் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. அந்தக் களேபரம் அடங்குவதற்குள் அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை, தில்லியில் மூன்று வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் போலியோ சொட்டு மருந்து என்று அறிவித்தார்கள். அறிவித்த சுகாதார அமைச்சர் பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்தான் ஹர்ஷ் வர்தன், காது மூக்குத் தொண்டை டாக்டர். ஜம்னா பாரில், அதாவது யமுனைக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணா நகர் தொகுதியிலிருந்து முதல் தடவை எம்.எல்.ஏ. ஆனவர்.

அன்று நான் திரிலோக்புரியில் ஒரு சாவடியில் உட்கார்ந்திருந்தேன். சமூக சேவை ஆர்வமெல்லாம் இல்லை. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். ஒரு மேஜை, ஒரு தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸுக்கு நடுவில் மருந்துக் குப்பிகள். நர்ஸம்மா குழந்தையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து அழுத்துவார், வாய் மீன் மாதிரி திறக்கும், இரண்டு சொட்டு. துப்பிவிட்டால் மறுபடி இரண்டு சொட்டு. பத்து மணிக்கு மேல் ஒரு அம்மா வந்தார். விழுப்புரம் பக்கத்துப் பேச்சு. “ஆஸ்பத்திரியிலதான் ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?” நர்ஸம்மா இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: எல்லாப் பிள்ளைகள் வயிற்றிலும் ஒரே நாளில் இந்த மருந்து போய்விட்டால் அந்தக் கிருமிக்குக் குடியிருக்க இடம் இல்லாமல் போய்விடும். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப பக்கத்து வீட்டுக்காரி போடலன்னா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போய், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அவள் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கு உங்கள் கேள்விக்குப் பதிலாகச் சொல்லலாம். கிளினிக்கில் டாக்டர், தேடி வருகிறவருக்கு வைத்தியம் பார்க்கிறார். அரசாங்கத்தில் உட்கார்ந்த டாக்டருக்கு, வராதவர்தான் நோயாளி. இந்த இரண்டும் வேறு வேறு வேலை. முதல் வேலையில் கெட்டிக்காரர் இரண்டாவதிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று எந்த விதியும் இல்லை. ஹர்ஷ் வர்தன் அந்தச் சொட்டு மருந்து விஷயத்தில் கெட்டிக்காரராக இருந்தார்.

யோசனை அவருடையது என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளிலேயே வேலூரில் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான், ரோட்டரிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுத்துக் காட்டியிருந்தார். அதைத் தலைநகர் அளவுக்குப் பெரிதாக்கியதில்தான் இவர் பங்கு. சுமார் 12 லட்சம் குழந்தைகள். டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாவது தவணை. அடுத்த வருடமே நாடு முழுவதும் தொடங்கினார்கள். கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்ற சான்றிதழ் நம் கைக்கு வந்தது.

சொட்டு மருந்து எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, அதே 1994-ல் தில்லி கொண்டுவந்த மருந்துக் கொள்கை. மருந்தியல் நிபுணர் ரஞ்சித் ராய் சௌத்ரி வழிகாட்ட, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்று போட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கும் ஏற்பாடு. அதே வருடம்தான் தமிழ்நாட்டில் இதே வேலைக்கான மருத்துவப் பணிகள் கழகமும் பிறந்தது. இந்த மாதிரிப் பட்டியல் வேலைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் சீட்டோடு போகிற ஏழைக்கு மருந்து உள்ளேயே கிடைக்குமா, “வெளியே வாங்கிக்கோ” என்பார்களா என்பது அங்கேதான் முடிவாகிறது. அப்புறம் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை. தில்லி சட்டசபை 1996-ல் சட்டம் இயற்றியது, 1997 குடியரசு தினத்திலிருந்து அமல். நாடு முழுமைக்குமான புகையிலைச் சட்டம் வந்தது 2003-ல். அன்றைக்கு நான் தினம் ஒரு பாக்கெட். அமைச்சரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் ஏன் நடந்தது என்று யோசித்தால், கையில் இருந்த அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். தில்லி அரை மாநிலம். நிலம், போலீஸ், சட்டம் ஒழுங்கு மூன்றும் மத்திய அரசிடம். ஆனால் ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம் மாநிலத்திடம். ஒரு டாக்டர் அமைச்சருக்கு வேண்டியது எல்லாமே அந்த அரைக்குள் இருந்தது. (1952-ல் தில்லிக்கு முதல் சட்டசபை வந்தபோதும் சுகாதார அமைச்சர் டாக்டர்தான்: காந்திக்கு வைத்தியம் பார்த்த சுசீலா நய்யார். பிறகு அதே சபைக்குச் சபாநாயகரும் ஆனார். அந்தச் சபையை 1956-ல் கலைத்துவிட்டார்கள். அது தனிக் கதை.)

1998-ல் வெங்காய விலை அவருடைய கட்சியான பா.ஜ.க.வைக் கவிழ்த்தது. காங்கிரஸின் ஷீலா தீட்சித் பதினைந்து வருடம் ஆண்டார். ஹர்ஷ் வர்தன் மட்டும் கிருஷ்ணா நகரில் 93, 98, 2003, 2008, 2013 என்று ஐந்து முறை ஜெயித்தார். 2013-ல் அவர்தான் முதல்வர் வேட்பாளர். எழுபதில் 31 இடம். துணைநிலை ஆளுநர் அழைத்தபோது, பெரும்பான்மை இல்லை, ஆட்சி அமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எதிர்க்கட்சி ஆட்களை இழுக்கும் கலை அப்போதே நன்றாக வளர்ந்திருந்தது. அதனால் அந்த மறுப்பை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் முதல்வர் நாற்காலி அத்தோடு போனது.

பிறகு சாந்தினி சௌக் எம்.பி., 2014 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சர். நவம்பரிலேயே இலாகா மாறி அறிவியல் துறை. 2019-ல் மறுபடி சுகாதாரம். 2020 மே மாதம் நீங்கள் சொன்ன அந்த உலகப் பொறுப்பு. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 2021 பிப்ரவரியில், கொரோனாவுக்கு என்று விற்க வந்த ஒரு மூலிகை மருந்தின் மேடையில் அவர் உட்கார்ந்தார். இந்திய மருத்துவச் சங்கமே ஆட்சேபம் சொன்னது. மார்ச் 7-ஆம் தேதி, தொற்று முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று பேசினார், அதுவும் தில்லி மருத்துவர்கள் கூட்டத்தில். ஏப்ரலில் இதே தில்லியில் நாம் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மைத்துனருக்காக ஒரு ஆக்சிஜன் சிலிண்டரோடு வரிசையில் ஒன்பது மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு நடுவில் போன் வந்தது. காலி சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டுப் போனான்.

எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். பெரிய முடிவுகள் அவருக்கும் மேலே எடுக்கப்பட்டன. ஆனால் 94-ல் தனக்குத் தெரிந்ததை அரசாங்கத்துக்குச் சொன்ன டாக்டர், 2021-ல் அரசாங்கம் கேட்க விரும்பியதை நமக்குச் சொன்னார் என்பது என் கணிப்பு. ஜூலை 7-ஆம் தேதி பதவி போனது. 2024 மார்ச்சில் மறுபடி சீட்டு கொடுக்கவில்லை. அரசியல் போதும், கிருஷ்ணா நகரில் கிளினிக் காத்திருக்கிறது என்று அறிவித்தார். முப்பது வருட அரசியலுக்குப் பிறகு திரும்பிப் போக அவருக்கு ஒரு தொழில் இருந்தது. முக்கால்வாசிப் பேருக்கு அது இருப்பதில்லை. அதற்காக அவரைப் பிடிக்கும்.

சரி, உங்கள் டாக்டருக்கு வருவோம்.

முதலில் அவரை, இப்போது இருக்கும் எம்.எல்.ஏ.வின் ஆபீசில் ஒரு திங்கட்கிழமை காலை போய்ச் சும்மா உட்காரச் சொல்லுங்கள். விதவைப் பென்ஷன் நின்றுபோனவர், பள்ளி அட்மிஷனுக்கு லெட்டர்பேடில் கடிதம் கேட்பவர், ஆஸ்பத்திரியில் ஒரு பெட் கேட்பவர். அப்புறம் சாக்கடை. அறுபது அடி ரோடு என்றால் பொதுப்பணித் துறை, அதைவிடக் குறுகலான தெரு என்றால் மாநகராட்சி, பாதாளக் குழாய் என்றால் ஜல் போர்டு என்கிற குடிநீர் வாரியம். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் “இது என் கையில் இல்லை” என்பதை அவர்கள் கோபப்படாதபடி சொல்லத் தெரிய வேண்டும். முப்பது வருடம் “சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு” என்று சொல்லி, மறுபேச்சு இல்லாமல் தலையாட்டல் வாங்கியே பழகியவருக்கு இது லேசு இல்லை.

இரண்டாவது, எந்த ஒரு காரியத்துக்காகப் போகிறீர்கள் என்று கேளுங்கள். “மக்கள் சேவை” என்றால், அதைத்தான் கிளினிக்கில் செய்துகொண்டிருக்கிறாரே, போதும். முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்டசபைக்குப் போனபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது: தேவதாசி முறை, குழந்தைத் திருமணம். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியையே தூக்கிப் போட்டார். அவர் தொடங்கிவைத்த ஒழிப்புச் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. சபையில் இருந்தது மூன்று வருடம் போல. உங்கள் டாக்டர், இந்தப் பக்கத்து டிஸ்பென்சரியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மருந்து தீராமல் இருக்கச் செய்வேன் என்று சொன்னால்கூட எனக்குப் போதும்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். முத்துலட்சுமி காலத்தில் கட்சித்தாவல் தடைச் சட்டம் கிடையாது. 1985-க்குப் பிறகு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். டாக்டரானாலும் வக்கீலானாலும் கட்சி தூக்கச் சொல்லும்போது கையைத் தூக்க வேண்டும். அதனால் டாக்டர் நல்லவரா என்று மட்டும் பார்த்து நான் ஓட்டுப் போட மாட்டேன், அவரை நிற்கச் சொல்லும் கட்சி எது என்றும் பார்ப்பேன். நீங்கள் கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என் பேத்திக்கும் அவர்தான் டாக்டர் என்று சந்தேகப்படுகிறேன், ஆகவே கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புடன்.