625-க்குப் பதிலாக 375 இரண்டு போடலாமா?

வணக்கம். பாலக்கோட்டில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இல்லாததால் 375 மாத்திரையை இரண்டிரண்டாகப் போடச் சொன்னார்கள் என்றும், 68 வயதான தங்கள் தந்தைக்கு அதன்பின் வயிற்றுப்போக்கு தொடங்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கு தவறு. 625-இல் அமாக்சிசிலின் 500 மில்லிகிராமும் கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராமும் உள்ளன. 375-இல் அமாக்சிசிலின் 250 ஆகக் குறைந்தாலும் மற்றது அதே 125-தான் என்பதால், இரண்டு போடும்போது கிளாவுலானிக் அமிலம் மட்டும் இரட்டிப்பாகிவிடுகிறது. கிருமிகளின் பீட்டா-லாக்டமேஸ் நொதி அமாக்சிசிலினைச் சிதைக்காமல் தடுப்பதே இந்த அமிலத்தின் வேலை. அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கும் மிகும். (அட்டையில் இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும் பெரிதாக அச்சிடுவதே இந்தக் குழப்பத்துக்கு வழிவிடுகிறது என்பது என் எண்ணம்.)

மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே கேட்டு, தருமபுரியிலிருந்தாவது 625-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். உணவு தொடங்கும்போது விழுங்கினால் வயிற்றுத் தொல்லை குறையும். போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடலில் தடிப்போடு மூச்சுத்திணறலும் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

இம்மருந்தால் அரிதாக வரும் மஞ்சள் காமாலை முதிய ஆண்களிடமே அதிகம். மருந்தை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் அது தோன்றக்கூடும். முன்பு இதே மருந்தால் காமாலை வந்ததுண்டா, இப்போது வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுக்கிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.