பழைய இங்கிலாந்துக் கடற்கரைப் படங்களில் எல்லோரும் ஏன் கோட்டும் தொப்பியுமாக இருக்கிறார்கள்?

1910 வாக்கில் பிளாக்பூல், மார்கேட் கடற்கரைகளில் எடுத்த குடும்பப் படங்களைப் பார்த்துவிட்டு, மணலில் உட்காரும்போதுகூட டை கட்டியிருக்கிறார்களே, வேர்க்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வேர்க்காது. கடல்காற்று அடித்தால் இங்கே ஜூலையிலும் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும்.

பழம்பொருள் சந்தைகளில் இந்த மாதிரிப் படங்களைத் தேடி வாங்குவது என் பொழுதுபோக்கு. பார்த்தவரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்களில் பலர் குளிக்க வரவில்லை, நாலு பேர் பார்க்க உலாவ வந்தார்கள். லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் வருடத்தில் ஒரு வாரம் எல்லா ஆலைகளையும் மொத்தமாக மூடுவார்கள். 'வேக்ஸ்' வாரம் என்று பெயர். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதற்காகவே வருடம் முழுக்கக் காசு சேர்த்து வைத்துக்கொண்டு, தெருவே ரயிலேறி பிளாக்பூல் போகும். (சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் வந்ததே 1938-இல்தான்.) பக்கத்து வீட்டுக்காரரும் ஆலை மேஸ்திரியும் அதே கரையில் உலாவும்போது, பெட்டியில் இருப்பதிலேயே நல்ல உடுப்பைத்தானே எடுத்துப் போடத் தோன்றும்? நம் ஊர்த் திருவிழாக் கணக்குதான்.

அப்புறம், வெயிலில் கறுப்பது அன்று கௌரவக் குறைச்சல். வயல்வேலை செய்பவர் என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் பெண்களுக்கு அகலத் தொப்பியும் குடையும். 1920-களில் இது அப்படியே தலைகீழாகி, கறுத்துவிட்டு வருவதே நாகரிகமானது.

குளித்தவர்களும் உண்டு. ஆனால் பல ஊர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். சக்கரம் வைத்த மரப்பெட்டிக்குள் உடை மாற்றிக்கொண்டு, அதிலிருந்தே தண்ணீரில் இறங்குவார்கள். பெக்ஸ்ஹில் என்ற கடற்கரை ஊர் 1901-இல் சேர்ந்து குளிக்க அனுமதித்தது பெரிய பேச்சாக இருந்தது. நீச்சலுடையோ கம்பளித் துணி. நனைந்தால் கனத்துத் தொங்கும். அந்தக் கோலத்தில் யார் படத்துக்கு நிற்பார்கள்? குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அவைதான், பெரியவர்கள் விறைப்பாக நிற்கும் படங்கள் அல்ல.

அந்தக் குழந்தைகளைப் படம் பிடித்தது பெரும்பாலும் வீட்டுக் கேமராதான். கோடக்கின் பிரவுனி 1900-இல் வந்தபோது இங்கே விலை 5 ஷில்லிங். சின்ன அட்டைப்பெட்டி, ஒரு சுருளுக்கு 6 படம். நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் எடுபடாது. கடற்கரை அதற்குத் தோதான இடம். முகம் சுளித்து நிற்கிறார்கள் என்றால் கோபமில்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

உங்களிடம் உள்ள படத்தின் காலம் தெரிய வேண்டுமா? முதலில் தொப்பியைப் பாருங்கள். தட்டு மாதிரி அகலமான பெண்கள் தொப்பி என்றால் முதல் உலகப்போருக்கு முந்தியது. தலையோடு ஒட்டிய மணி வடிவத் தொப்பி என்றால் 1920-கள். பெண்கள் தொளதொள பைஜாமாவில் மணலில் நடந்தால் 1930-கள். அஞ்சலட்டைப் படமாக இருந்தால் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: முகவரிக்கும் கடிதத்துக்கும் நடுவே கோடு போட்டிருந்தால் அது 1902-க்கு முந்தியதாக இருக்க முடியாது.