எலிவேஷனுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர்

கேள்வி: கும்பகோணத்தில் 1984இல் என் அப்பா கட்டிய வீடு. மேற்குப் பார்த்த வாசல், முன்பக்கம் கம்பி அடித்த வராண்டா. தூண் கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்மேல் தளம். வாசல் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, அடிக்க அடிக்கப் பெயின்ட் உதிர்கிறது. அதை மறைத்து எலிவேஷன் டைல்ஸ் ஒட்டி, மேலே ஏ.சி.பி. ஷீட் போட்டுவிடலாம் என்கிறான் மகன். பத்துக்கு எட்டு அடி சமையலறையை, ஹால் பக்கச் சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சனாக்க வேண்டும் என்றும் ஆசை. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. எந்த டிசைன் எடுப்பாக இருக்கும்? மூன்று படங்கள் இணைத்துள்ளேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சார், டிசைனை ஓரமாக வைத்துவிட்டு முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் வாசலில் ஒரு படிதான் தெரிகிறது. அப்பா கட்டியபோது குறைந்தது மூன்று படியாவது வைத்திருப்பார். மீதி இரண்டும் ரோட்டுக்கு அடியில் போய்விட்டன, இல்லையா? பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டால் தெரு உயரும், வீடு அங்கேயே நிற்கும். டெல்டா களிமண் வேறு, சீக்கிரம் தண்ணீரை விடாது.

ஒரு வாளித் தண்ணீரை வாசல் சுவர் ஓரமாக ஊற்றிப் பாருங்கள். தெருப்பக்கம் ஓடினால் நல்லது. சுவர்ப் பக்கமே திரும்பி வந்து தேங்கினால் உங்கள் உப்பின் ஊற்று அதுதான். செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது; ஈரம் காயும்போது உப்பை வெளியில் விட்டுவிட்டுப் போகிறது. இந்த நிலையில் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். அடைபட்ட ஈரம் டைல்ஸுக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறும். இரண்டடியில் இருக்கும் உப்பு நான்கடியில் பூத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸும் தட்டினால் 'டொக்' என்று சத்தம் கேட்கும் நிலைக்கு வந்து, ஒவ்வொன்றாக விழும்.

ஆகவே முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத செலவு. சுவர் ஓரமாகத் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுத்து ஒரு சின்ன வாய்க்கால். உப்பு ஏறிய கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, சுவரை அப்படியே காயவிட வேண்டும். பங்குனியில் கொத்தினால் வைகாசி வரை பொறுங்கள். கொத்தனார் மறுநாளே பூசிவிடலாம் என்பார், அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். மறு பூச்சும் பெயின்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தால் போதும். ஈரம் அதன் பிறகும் ஏறினால், சுவருக்குள் துளையிட்டு ஈரத்தடை மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியதில்லை.

சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இரண்டாவது படத்தில் கறுப்புக் கறை சுவர்வரை வந்திருக்கிறது. ஓரத்தில் நீர் சொட்டும் காடி இல்லாததால் மழைநீர் விளிம்போடு விழாமல் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வருகிறது. அரை அங்குலத்தில் ஒரு காடி எடுத்தால் தீர்ந்தது.

ஏ.சி.பி. ஷீட் பற்றி எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை: எனக்குப் பிடிக்காது. நாற்பது வருட வீட்டுக்கு அதைப் போட்டால் செல்போன் கடை மாதிரி ஆகிவிடும். விருப்பு வெறுப்பை விடுங்கள். அது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. விலை குறைந்த ரகத்தில் அந்த நடுப்பகுதி நன்றாகப் பற்றி எரியும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ, இந்த வகைத் தகடு வழியாகத்தான் மாடி மாடியாகப் பரவியது. உங்களுடையது ஒற்றைத் தள வீடு, அந்த அளவு ஆபத்தில்லை. ஆனால் மீட்டர் பெட்டியும் சர்வீஸ் ஒயரும் அதே முகப்பில் இருக்கின்றன என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

மேற்குப் பார்த்த வீட்டுக்கு அழகு நிழலில் இருக்கிறது. சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. குறுக்கே நிற்கும் ஒன்று வேண்டும். வராண்டா கம்பிக்குப் பின்னால் பாதி அகலத்துக்குத் துளை வைத்த சுடுமண் தடுப்பு, அதாவது ஜாலி வைத்து, மீதிக்குச் சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி போடுங்கள். சுவருக்கு வெளிர் நிறம். அப்பா போட்ட கம்பியை மட்டும் கழற்றாதீர்கள். துருவைத் தேய்த்துக் கறுப்பு அடித்தால், இன்று காசு கொடுத்துச் செய்கிற டிசைனைவிட அது எடுப்பாக இருக்கும்.

அடுத்து சமையலறை. கடிதத்தில் சுவரின் அளவு இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது. சமைப்பவரின் உயரம் எங்கே சார்? அவரைக் கேட்டீர்களா?

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எங்கள் வீட்டுச் சமையலறையை நானே வரைந்தேன். வெளிநாட்டுப் பத்திரிகை பார்த்து மேடையை 36 அங்குலத்தில் வைத்தேன், அது அமெரிக்க அளவு. அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். அதன்மேல் அடுப்பு வேறு ஐந்து அங்குலம். கடைசிவரை அம்மா ஒரு மணைமேல் ஏறி நின்றுதான் குழம்பைக் கிளறினார். 'நல்லாத்தான்டி இருக்கு' என்றார், அவ்வளவுதான்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் டேப்பை நீட்டுவது சமைப்பவரிடம்தான். வெறுங்காலில் நிற்கச் சொல்லி, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து நான்கு அங்குலம் கழியுங்கள். ஐந்தடிப் பெண்ணுக்கு 33 அங்குலத்தை ஒட்டி வரும். அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் இன்னும் மூன்று அங்குலம் இறக்கினால் உங்கள் மனைவியின் தோள்பட்டை உங்களை வாழ்த்தும்.

ஹால் சுவரை முழுதாக எடுக்க வேண்டாம். தளம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. உத்தரம் போட்டுத் தாங்கலாம் என்றாலும் ஆறு லட்சத்தில் நல்ல பங்கு அதற்கே போகும். மூன்றரை அடி அகலத்தில் பரிமாறும் ஜன்னல் ஒன்று திறவுங்கள், அதற்கும் மேல்சுவரைத் தாங்கும் லிண்டல் வேண்டும். உள்ளூர் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்த பிறகே மேஸ்திரி உளியை எடுக்கட்டும். மிளகாய் தாளிக்கும் நெடியும் ஹாலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

செய்து கொண்டுவந்து பொருத்தும் மாடுலர் அலமாரி என்றால் ஸிங்க் அடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பார்ட்டிக்கிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊறிய ரஸ்க்தான். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் கேளுங்கள். அதைவிட மலிவு, கடப்பாக் கல் தட்டு வைத்துக் கதவு மட்டும் போடுவது. சிலிண்டர் வைக்கும் அலமாரியின் அடியில் காற்றுப் போக ஓட்டை அவசியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும்.

கேள்வி: சமையலறைத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மனசு போடச் சொல்லும், எனக்கும்தான். ஆனால் அது கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்யும் சிமென்ட் கல். சிமென்டுக்குப் புளிப்பு ஆகாது. புளித்தண்ணீரும் எலுமிச்சையும் சிந்தினால் பளபளப்பு போய்த் திட்டு விழும். அடுப்படியில் வேறு கல் போட்டுக்கொண்டு, சாப்பிடும் இடத்தில் ஆத்தங்குடி போடுங்கள். துடைக்க ஆசிட் பக்கம் போகக்கூடாது. நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறும்.

கேள்வி: மேடைக்குக் கிரானைட்டா, குவார்ட்ஸா?
– வாசகர், திருப்பூர்

பதில்: குக்கரை இறக்கி நேராக மேடையில் வைக்கிற வீடு என்றால் கிரானைட். குவார்ட்ஸில் கல்தூளைப் பிணைப்பது ரெசின், சூட்டில் நிறம் மாறும். கறுப்புக் கிரானைட் வாங்கும்போது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் தொட்டுக் கல்லில் தேயுங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.